குகநேசனுக்கு ஒரு பக்கம்

"இங்கே அழுத்தவும்" எண்டு ஒரு நாளும் போடாதேங்கோ அண்ணை. முதல் பாடம் அதுதான்.

போனைத் தாங்கோ, உங்கட விடுதியின்ர வெப்சைற்றை நானே பாக்கிறன். ம்... இதைப் பாருங்கோ. "எங்கள் அறைகளைப் பார்க்க இங்கே அழுத்தவும்." "எங்கள் சாப்பாட்டைப் பற்றி அறிய இங்கே அழுத்தவும்." எத்தினை இங்கே! நல்லூர்த் திருவிழாவுக்கு வாற ஒருத்தன் 'இங்கே' எண்டு அடிச்சே அறை தேடுவான்? 'நல்லூர் கோயிலுக்குக் கிட்ட அறை' எண்டெல்லோ அடிப்பான். அப்ப உங்கட லிங்க் அந்தச் சொல்லுகளிலை இருக்க வேணும். இல்லாட்டி உங்களை ஆரும் காண மாட்டினம். நல்ல விடுதி, நல்ல சாப்பாடு, ஆனா ஆளில்லை எண்டு கவலைப்பட்டீங்களே, காரணம் இதுதான்.

யன்னலைக் கொஞ்சம் சாத்துங்கோ, புழுதி வருது. நீங்கள் வவுனியா மட்டும் போறியளோ? நான் கிளிநொச்சியிலை இறங்கிடுவன். அதுக்குள்ளை எல்லாத்தையும் சொல்லித் தாறன். வேண்டாம் வேண்டாம், காசொண்டும் வேண்டாம். எனக்கு இதைக் கதைக்கிறதெண்டால் விருப்பம். வீட்டிலை கேக்க இப்ப ஆள் இல்லை.

நான் என்ன வேலையோ? சிரிக்கக் கூடாது. மரண அறிவித்தல் போடுற தளம். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரிஞ்சிடும், அதாலை சொல்லேல்லை. வடமராட்சியிலை ஒருத்தர் கண்ணை மூடினால் ரொறன்ரோவிலை இருக்கிற பெறாமகனுக்கு எங்களாலைதான் தெரியவரும். நான் அறிவித்தல் எழுதிற ஆள் இல்லை. எழுதினதுகளை ஒண்டோடை ஒண்டு தொடுக்கிற ஆள். என்ர பேர் மயூரதன்.

தொடுக்கிறதெண்டால் என்னெண்டு சொல்லுறன், கேளுங்கோ. ஒரு வெப்சைற்றை ஒரு வீடெண்டு வையுங்கோ. ஒவ்வொரு பக்கமும் ஒரு அறை. இந்தத் தேடுபொறி இருக்கெல்லோ, அது அந்த வீட்டுக்கு வாற கண் தெரியாத விருந்தாளி. வாசலாலை உள்ளை வருவார். சுவரைத் தடவிப் பாப்பார். ஒரு கயிறு கட்டிக் கிடந்தால் அதைப் பிடிச்சுக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார். கயிறில்லாத அறைக்குப் போகவே மாட்டார். அதுக்குள்ளை நீங்கள் பவுண் குவிச்சு வைச்சிருந்தாலும் அவருக்கு அப்பிடியொரு அறையே இல்லை.

அந்தக் கயிறுதான் லிங்க். கயிற்றின்ர நுனியிலை ஒரு துண்டுச் சீட்டுத் தொங்கும், 'இது குசினிக்குப் போற கயிறு' எண்டு. சீட்டிலை இருக்கிற சொல்லுக்கு இங்கிலீசிலை அங்கர் ரெக்ஸ்ற் எண்டு பேர். நான் கொழுவுசொல் எண்டு சொல்லுவன். அந்தச் சொல்லை வைச்சுத்தான் அவர் அறைக்குப் பேர் வைப்பார். கண் தெரியாதவர் சீட்டை எப்பிடி வாசிப்பார் எண்டோ? அண்ணை, நீங்கள் நல்ல கேள்வி கேக்கிறியள். தடவி வாசிப்பார் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இன்னொண்டு. எந்த அறைக்குக் கனக்கக் கயிறு போகுதோ, அதுதான் இந்த வீட்டிலை பெரிய அறை எண்டு அவர் நினைப்பார். சாமியறை மாதிரி. பிறகு வெளியிலை போய் எல்லாருக்கும் அந்த அறையைத்தான் முதல் சொல்லுவார். அப்ப கயிறு கட்டுறவன்ர கையிலைதான் எல்லாம் இருக்கு. விளங்குதோ?

நான் சேரேக்கை எங்கட தளம் எப்பிடிக் கிடந்தது தெரியுமே? ஆயிரக்கணக்கிலை ஆக்கள், ஒவ்வொருத்தரும் தனித்தனி அறையிலை. புருசனுக்கும் பெண்சாதிக்கும் இடையிலை கூட ஒரு கயிறில்லை. நான்தான் இருந்து தொடுத்தன். எங்கட மரண அறிவித்தல் மாதிரித் தொடுக்கிறதுக்கு வாய்ச்ச எழுத்து வேறை இல்லை அண்ணை. 'அன்னார், காலஞ்சென்ற வல்லிபுரம் சிவக்கொழுந்து தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற ஐயாத்துரையின் பாசமிகு மருமகனும்...' ஒரு ஆள் செத்தால் பின்னாலை ஒரு ஊர் வரும். 'காலஞ்சென்ற' எண்டு கண்டால் எனக்குப் போதும். அந்த ஆளின்ர பக்கம் எங்களிட்டைக் கிடக்கும். கயிறைக் கட்டு.

முதலாளி லண்டனிலை இருக்கிறார். ஒரு நாள் போன் எடுத்துச் சொன்னார், "டேய் மயூரதன், உயிரோடை இருக்கேக்கை கோட்டுக்குப் போன சகோதரங்களையெல்லாம் அவை செத்தாப்பிறகு நீ சேத்து வைச்சிட்டாய்" எண்டு. அந்தளவுக்கு ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். ஒரு பக்கத்துக்கு வந்தவை அஞ்சு பக்கம் பாக்காமல் போகாயினம்.

அதுக்காண்டி கண்டபடி தொடுக்கவும் கூடாது. ஒரு பக்கத்திலை எல்லாச் சொல்லும் லிங்க் ஆகி நீலமாக் கிடந்தால் வாசிக்கிறவனுக்குத் தலை சுத்தும். தேவையான இடத்திலை மட்டும். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கொழுவக் கூடாது, சந்தேகம் வரும். இல்லாத அறைக்குக் கயிறு கட்டக் கூடாது, பாவம், விருந்தாளி கிடங்குக்குள்ளை விழுவார். முக்கியமா, ஒரு அறையும் தனிச்சுக் கிடக்கக் கூடாது. ஆரும் தொடுக்காத பக்கத்துக்கு எங்கட தொழிலிலை அநாதைப் பக்கம் எண்டு பேர். அதைக் கண்டால் நான் ஒரு கயிறாவது கட்டாமல் எழும்ப மாட்டன். நான் அப்பிடி ஒரு ஆள். ஒருத்தரும் தனிச்சுக் கிடக்கிறது எனக்குப் பிடிக்காது.

அதுதான் அண்ணை, நான் செய்த குற்றம். குற்றமெண்டு அவை சொல்லுகினம். நீங்களே கேட்டிட்டுச் சொல்லுங்கோ.

போன மாசியிலை மாமா மோசம் போனார். என்ர மனுசி தர்மினியின்ர தகப்பன். பரராசசிங்கம் எண்டால் கிளிநொச்சியிலை பழைய ஆக்களுக்குத் தெரியும், சைக்கிள் கடை வைச்சிருந்தவர். அறிவித்தலை நான்தான் எழுதினன். வேறை ஆரையும் தொட விடேல்லை. மருமகன் எழுதாமல் ஆர் எழுதிறது?

எழுதிக்கொண்டிருக்கேக்கை மாமி வந்து பக்கத்திலை நிண்டா. செத்த வீட்டுச் சனத்துக்குள்ளாலை எழும்பி வந்து நிண்டவ. "தம்பி, குகநேசனுக்கு முன்னாலை அந்தச் சொல்லைப் போடக் கூடாது" எண்டா. எந்தச் சொல்லெண்டு நான் கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை. வாயிலை எடுக்க மாட்டா.

குகநேசன் அவவின்ர மகன். தர்மினிக்கு ஒரேயொரு அண்ணா. சண்டை முடிஞ்ச நாளிலை, சனமெல்லாம் வெளியாலை வரேக்கை, இயக்கத்திலை ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதிஞ்சிட்டுப் போங்கோ எண்டு ஆமிக்காரர் அறிவிச்சிருக்கினம். மாமிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவ. "ஒளிச்சால் பிறகு பிழையாப் போகும், போய்ச் சொல்லிப்போட்டு வா ராசா" எண்டு. அவர் பஸ்ஸிலை ஏறி யன்னலாலை கை காட்டினவராம். அந்த பஸ் எங்கை போனதெண்டு இண்டைக்கும் தெரியாது.

மாமி எத்தினையோ வருசமா கிளிநொச்சியிலை றோட்டுக்கரையிலை மற்றத் தாய்மாரோடை பந்தலுக்குள்ளை இருக்கிறா. நீங்களும் இந்தப் பாதையாலை போகேக்கை கண்டிருப்பியள். வரிசையாப் படங்கள். அதிலை கரையிலை, பொலித்தீன் சுத்தின படம் எங்கட ஆள். மழைக்குச் சுத்தினது. மாலை போட விட மாட்டா. ஒருக்கால் கொழும்பிலை இருந்து வந்த ஒரு அம்மா பாவம் பாத்து அந்தப் படத்துக்கு ரெண்டு பூ வைக்கப் போக, கையைத் தட்டி விட்டவவாம். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்குப் பூ வைக்கிறதோ?" எண்டு சண்டை. இதிலையெல்லாம் மாமி சரியான கண்டிப்பு. விளக்கைக் கூட வாயாலை ஊதி நூக்க விட மாட்டா. தர்மினி ஒருக்கால் அவசரத்திலை சாமி விளக்கை ஊதிப்போட்டா. "வாயாலை ஊதி அணைக்கிறேல்லை எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது, ஒரு பூவாலை அமத்து" எண்டு அண்டைக்கு முழுக்கப் பேச்சு.

சரி. நான் மாமி சொன்னமாதிரியே எழுதினன். 'குகநேசன், தர்மினி ஆகியோரின் அன்புத் தந்தையும்.' முன்னாலை ஒண்டும் போடேல்லை. போட்டது, வந்தது, சனம் பாத்தது. செத்த வீடும் முடிஞ்சுது. கொள்ளி நான் வைச்சன்.

பிறகு ஒரு நாள் எங்கட தளத்தின்ர கந்தோரிலை இருந்து மாமாவின்ர பக்கத்தைத் தொடுத்துக்கொண்டிருந்தன். மாமாவின்ர தாய் தகப்பன், கயிறு கட்டியாச்சு. தமையன்மார், கட்டியாச்சு. ஊருக்குக் கட்டியாச்சு. எல்லாப் பேரும் நீலமா வந்திட்டுது. தர்மினி, நான், நாங்கள் உயிரோடை இருக்கிறம், எங்களுக்குத் தேவையில்லை. ஆனா குகநேசன் எண்ட பேர் மட்டும் கறுப்பாக் கிடக்குது அண்ணை. செத்தவையோடையும் இல்லை, எங்களோடையும் இல்லை. எல்லா யன்னலிலையும் வெளிச்சம் எரியிற வீட்டிலை ஒரு யன்னல் மட்டும் இருட்டாக் கிடந்தால் எப்பிடி இருக்கும்? அப்பிடி இருந்தது எனக்கு. நான் ஆளை ஒரு நாளும் கண்டதில்லை. எங்கட கலியாண வீட்டிலை அவரின்ர படத்துக்கு முன்னாலை ஒரு வெறுங்கதிரை போட்டவை, அந்தக் கதிரையைத்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் இருந்தது. இதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கட தளத்திலை மேலை ஒரு தேடுற பெட்டி இருக்கு. அதிலை சனம் என்ன பேரை அடிக்குது, எந்த ஊரிலை இருந்து அடிக்குது எண்டு எனக்கு அறிக்கை வரும். தேடி ஒண்டும் அகப்படாமல் போன பேருகள் தனியா வரும். அதைத்தான் நான் முதல் பாப்பன். ஏனெண்டால் அதெல்லாம் எங்கட குறை. ஆள் வந்து கதவைத் தட்டுது, நாங்கள் திறக்கேல்லை.

அதிலை ஒரு பேர், 'பரராசசிங்கம் குகநேசன்.' கிளிநொச்சியிலை இருந்து. ஒவ்வொரு நாளும் விடியப்புறம். ஒரு நாள் தப்பாமல் ஆரோ வந்து அந்தப் பேரை அடிக்கினம். 'உங்கள் தேடலுக்கு எதுவும் கிடைக்கவில்லை' எண்டு வருது. உடனை போயிடுகினம். அடுத்த நாளும் அதே பேர். அடுத்த நாளும். எனக்குத் தாங்கேலாமல் போச்சு அண்ணை. அவர் இருந்தால் எப்பிடிப்பட்ட ஆளா இருந்திருப்பார், இவ்வளவு விசுவாசமா ஒரு ஆள் தேடுதே எண்டு. ஒரு கூட்டாளியாக்கும் எண்டு நினைச்சன். ஒரு காதலாக்கும் எண்டும் நினைச்சன். அந்த ஆளுக்கு நாங்கள் வெறுங்கையைக் காட்டி அனுப்பிறம்.

அப்ப நான் குகநேசனுக்கு ஒரு பக்கம் செய்தன்.

எவ்வளவு கவனமாச் செய்தன் எண்டு கேளுங்கோ. எங்களிட்டை ரெண்டு வகைதான் இருக்கு. ஒண்டு மரண அறிவித்தல், மற்றது நினைவஞ்சலி. மரண அறிவித்தல் எண்டு போட எனக்கு மனம் வரேல்லை. அது பொய்யெல்லோ. ஆகவே நினைவஞ்சலியைத் தெரிவு செய்தன். ஆரையும் நினைக்கலாம்தானே? பிறந்த திகதி தர்மினியின்ர பழைய அல்பத்திலை இருந்தது. படமும் அதிலைதான் எடுத்தன், வெள்ளைச் சேட்டோடை, நல்ல படம். கீழை ரெண்டு வசனம் எழுதினன், நல்ல வசனம்.

சேமிக்கப் போனால் விடுதில்லை. மறைந்த திகதி போடாமல் பக்கம் சேமிக்கேலாது. பக்கத்திலை சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேக்குது. வெறுமையா விட்டுப் பாத்தன், விடேல்லை. இண்டைய திகதியைப் போட்டால் பொய். கண்டபடி ஒண்டைப் போட்டாலும் பொய். கனநேரம் யோசிச்சன். பிறகு, மாமி ஆளைக் கடைசியாக் கண்ட திகதியைப் போட்டன். அது ஒண்டுதான் எங்கட குடும்பத்துக்கு உறுதியாத் தெரிஞ்ச திகதி. அதிலை பொய் இருக்கோ? சொல்லுங்கோ. இல்லைத்தானே.

மாலையும் விளக்கும் நான் போட்டதில்லை. அது தளத்தின்ர அமைப்பிலை தானா வாறது. எந்தப் படத்தை ஏத்தினாலும் சுத்திவர மாலை விழும், கீழை ஒரு விளக்கு எரியும். சுடர் ஆடும். முதலாளி அந்தச் சுடருக்கு எவ்வளவு செலவழிச்சவர் தெரியுமே. காத்துப் பட்டமாதிரியே ஆடும்.

பிறகு தொடுத்தன். மாமாவின்ர பக்கத்திலை இருந்து. மாமாவின்ர தாய் தகப்பன், அதாவது குகநேசன்ர பேரனார் பேர்த்தியாரின்ர பக்கத்திலை இருந்து. ஊர்ப் பக்கத்திலை இருந்து. அவரோடை படிச்சுச் செத்த பெடியள் ரெண்டு மூண்டு பேரின்ர பக்கத்திலை இருந்து. கொழுவுசொல் என்ன போடுறதெண்டு எனக்கு யோசனையே இல்லை, அந்த விடியப்புற ஆள் அடிக்கிற அதே சொல்லு, 'பரராசசிங்கம் குகநேசன்', பின்னாலை 'நினைவஞ்சலி.' அண்ணை, நான் இத்தினை வருசத்திலை தொடுத்ததிலை இதுதான் திறம். எங்கட தேடுற பெட்டியிலை மட்டுமில்லை, கூகிளிலை அந்தப் பேரை அடிச்சாலும் முதலாவதா வந்து நிண்டது. அநாதையாக் கிடந்த பேர் அது. ஒரு கிழமைக்குள்ளை.

வீட்டிலை சொல்லேல்லை. தானாக் கண்டு சந்தோசப்படட்டும் எண்டு விட்டன்.

இரணைமடுக் குளத்திலை தண்ணி இந்த முறை குறைவு போலை, என்ன? வயலெல்லாம் காஞ்சு கிடக்கு.

பிறகென்ன. ஒரு நாள் காலமை கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கேக்கை தர்மினி போன் எடுத்தா. அவ அப்ப தாயோடை கிளிநொச்சியிலை நிண்டவ, மாமாவின்ர அந்தியேட்டிக் கிரியை அலுவல்களுக்கு. குரல் அவவின்ர குரல் இல்லை. "இஞ்சேருங்கோ, அண்ணாவின்ர அறிவித்தல் வந்திருக்கு. உங்கட தளத்திலை வந்திருக்கு. ஆர் குடுத்ததெண்டு உடனை பாருங்கோ. குடுத்த ஆக்களின்ர நம்பரை எடுங்கோ. அவைக்குத் தெரியும். அவைக்கு என்னவோ தெரியும்" எண்டா. பின்னாலை சனத்தின்ர அழுகைச் சத்தம் கேக்குது. பந்தலிலை இருந்த அவ்வளவு தாய்மாரும். "திகதி கூடப் போட்டிருக்கு, அண்டைக்கேயாம். அம்மா கொண்டுபோய் விட்ட அண்டைக்கேயாம். அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறா, அண்டைக்கேயோ, அண்டைக்கேயோ எண்டு. ஆரெண்டு கெதியாப் பாருங்கோ."

நான் சிரிச்சிட்டன் அண்ணை. ஆறுதலுக்குத்தான் சிரிச்சனான். "இஞ்சேர், பதறாதையும். அது ஆரும் இல்லை. நான்தான் செய்தது" எண்டன்.

லைன் அறுந்துபோச்சாக்கும் எண்டு நான் ஹலோ ஹலோ எண்டன்.

அண்டைக்குப் பிறகு தர்மினி வீட்டை வரேல்லை. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த விடியப்புற ஆள் மாமியாம். தர்மினிதான் போனிலை அந்தப் பேரை அடிக்கப் பழக்கி விட்டவ. ஒவ்வொரு நாளும் எழும்பி, முகம் கழுவி, எங்கட தளத்தைத் திறந்து, பேரை அடிச்சு, எதுவும் கிடைக்கவில்லை எண்டு வந்தாப்பிறகுதான் மாமி தேத்தண்ணி குடிக்கிறவவாம். அதைப் பாத்திட்டுத்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போறவவாம். "அந்த வெறும் பக்கத்தைத்தான் அம்மா சாப்பிட்டுக்கொண்டு இருந்தவ" எண்டா தர்மினி. கோவத்திலை சனம் என்னவும் சொல்லும். வெறும் பக்கத்தைப் பாக்கவெண்டு ஆரும் வருவினமே? இந்தத் தொழிலிலை எனக்கு எவ்வளவு அனுபவம். ஆக்கள் ஒண்டை எதிர்பாத்துத்தான் தேடுவினம்.

மாமி என்னை ஏசேல்லை. அதைச் சொல்ல வேணும். ஒரு வார்த்தை ஏசேல்லை. அண்டைக்குப் பின்னேரம் தானே போன் எடுத்தா. "தம்பி, அந்த விளக்கை நூத்து விடுங்கோ" எண்டா. அவ்வளவுதான். நான் ஆறுதலா விளங்கப்படுத்தினன், மாமி, அது தளத்தின்ர அமைப்பு, ஒரு ஆளுக்கு மட்டும் நூக்கேலாது, நூத்தால் எல்லாருக்கும் நூந்துபோம் எண்டு. கேட்டுக்கொண்டிருந்தா. முடிவிலை, "சரி தம்பி, எண்டாலும் நூத்து விடுங்கோ" எண்டா.

இப்ப பிரச்சினை என்னெண்டால், நாளைக்கு மாமிக்கு விசாரணை. காணாமல் போனவையின்ர ஆக்களைக் கூப்பிட்டு ஒரு விசாரணை நடக்குது. போன முறை அதிலை இருந்த ஒருத்தர் தன்ர போனைத் திருப்பிக் காட்டினவராம். "உங்கட குடும்பமே படம் போட்டு, விளக்கு ஏத்தி, திகதியும் குறிச்சிருக்கினமே அம்மா. பிறகேன் இன்னும் தேடச் சொல்லுறியள்? மரணச் சான்றிதழை எடுத்தால் இதை முடிச்சிடலாம்" எண்டிருக்கிறார். மாமி மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம். தர்மினி முந்தநாள் எனக்குச் சொல்லிப்போட்டா: "விசாரணை அண்டைக்கு விடிய அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. அவை திரும்பத் திறந்து பாத்தால் அம்மாவின்ர விசாரணைக் கோவையை மூடிப்போடுவினம். அம்மா பிறகு இருக்க மாட்டா. பக்கம் இருந்தால் நீங்கள் எங்கட படலையைத் திறக்க வேண்டாம்."

எடுக்கிறது ஒரு விநாடி வேலை அண்ணை. என்ர இந்தப் போனாலையே எடுக்கலாம். அதில்லைக் கதை. நான் உங்களுக்கு முதலே சொன்னனெல்லோ, இல்லாத அறைக்குக் கயிறு போகக் கூடாதெண்டு. அந்த ஒரு பக்கத்தை எடுத்தால் மாமாவின்ர பக்கத்திலை ஒரு கிடங்கு. பேரனாரின்ர பக்கத்திலை ஒரு கிடங்கு. ஊர்ப் பக்கத்திலை கிடங்கு. கயிறுகளையும் அவிழ்க்கலாம்தான். அவிழ்த்தால் திரும்ப அந்தப் பேர் கறுப்பு. திரும்ப அநாதை. மனுசர் செய்யிற வேலையோ அது?

நான் அதைவிட நல்ல வழி ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறன். அதைக் காட்டத்தான் இப்ப போறன். ரெண்டு நாளா இருந்து எல்லாக் கொழுவுசொல்லையும் மாத்திப்போட்டன். 'நினைவஞ்சலி' எண்ட சொல் ஒரு கயிற்றிலையும் இப்ப இல்லை. வெறும் பேர் மட்டும்தான். 'பரராசசிங்கம் குகநேசன்.' எவ்வளவு மரியாதையா இருக்கு பாருங்கோ. மாமி கேட்டதும் அதுதானே, பேருக்கு முன்னாலை ஒண்டும் போட வேண்டாம் எண்டு. இப்ப பின்னாலையும் இல்லை.

திகதியோ? திகதி கிடக்கும், அது இல்லாமல் சேமிக்கேலாதெண்டு சொன்னனே. விளக்கும் கிடக்கும்.

நீங்களே ஒருக்கால் அடிச்சுப் பாருங்கோ அண்ணை. இந்தாங்கோ, பரராசசிங்கம்... சின்ன ர, பிறகும் ஒரு ர... ஓம். குகநேசன். பாத்தியளே! முதலாவது. திறவுங்கோ. நல்ல படமெல்லோ? தர்மினியின்ர மூக்குத்தான். சுடரைப் பாருங்கோ, எப்பிடி ஆடுது. உங்கட விடுதிக்கும் நான் இப்பிடிச் செய்து தருவன். நல்லூர் எண்டு அடிச்சால் உங்கட வாசல்தான் முதல்.

ஏன் அண்ணை போனைக் குப்புற வைக்கிறியள்?

உங்களுக்கும் அவை சொல்லுறதுதான் சரியாப் படுது போலை. பறவாயில்லை. உங்களிட்டை ஒண்டு சொல்லுறன், இதைத் தர்மினிக்கும் இன்னும் சொல்லேல்லை. அறிக்கை எனக்கு இப்பவும் வருது. அந்த விடியப்புற ஆள் இப்பவும் வாறா. அவ்வளவு நடந்தாப்பிறகும் ஒரு நாள் தவறேல்லை. முந்தி வந்த உடனை போயிடுவா. இப்ப நிக்கிறா. கன நேரம் நிக்கிறா. தேத்தண்ணி ஆறிப்போற அளவு நேரம். எங்கட தொழிலிலை அதைவிட நல்ல அறிகுறி இல்லை அண்ணை. பிடிக்காத பக்கத்திலை ஆரும் நிக்க மாட்டினம். அப்ப அவவுக்கும் அந்தப் பக்கம் வேணும்தானே? வாயாலை எடு எண்டு சொல்லுறா, மனம் வேணுமெண்டுது. இதை நாளைக்கு எடுத்தால் அவ எங்கை போய்ப் பாப்பா?

கண்டக்டர் கூப்பிடுறான். கிளிநொச்சி வந்திட்டுது.

கொஞ்சம் பொறுங்கோ, அந்தப் பக்கத்து யன்னலாலை பாக்கிறன். பந்தல் அந்தப் பக்கம். ஓம், அதுதான். அந்த நீலத் தறப்பாள் கூரை. கரையிலை இருக்கிறா பாருங்கோ, வெள்ளைச் சீலை. மடியிலை படம், பொலித்தீனோடை. கையிலை போன் இருக்கு! நான் சொன்னன்தானே. பாத்துக்கொண்டுதான் இருக்கிறா. இந்த வெயிலுக்குள்ளை, றோட்டிலை சனம் போறதைக் கூடப் பாக்காமல் அதைத்தான் பாக்கிறா. தர்மினி இதையெல்லாம் எங்கை காணுறா.

கண் தெரியேல்லைப் போலை, போனை நல்லாக் கிட்டக் கொண்டுபோறா. முகத்துக்குக் கிட்ட. வாயைக் குவிச்சு... ஊதுறா. சீலைத் தலைப்பாலை துடைக்கிறா. திரும்பவும் ஊதுறா.

தூசி அண்ணை. இந்த றோட்டிலை சரியான தூசி.